தோட்டத்தில் இருந்தால் போதுமா?

அருகிவரும் தாவரங்களைக் காப்பதில் தேசியத் தாவரவியல் பூங்காவின் பங்கு என்ன என்ற பேச்சு எழுந்தால், தென் ஆப்பிரிக்காவின் கிர்ஸ்டன்போஷ் பூங்காவை எடுத்துக்காட்டுவது வழக்கம். அது பொருத்தமே. 1913ஆம் ஆண்டு டேபிள் மலையின் கிழக்குச் சரிவில் தொடங்கப்பட்ட இப்பூங்கா, சொந்த நாட்டுத் தாவரங்களையே வளர்ப்பது என்று உறுதி கொண்டது. அயல்நாட்டுப் பயிர்களையும் அலங்காரச் செடிகளையும் கொண்டுவந்து சேர்ப்பதே பூங்காக்களின் பெருமையாக இருந்த காலம் அது. ஆயினும், 'காப்பாற்றிவிட்டோம்' என்ற சொல்லைப் பூங்காக்கள் இவ்வளவு எளிதாகப் பயன்படுத்துவதை ஏற்பதற்கில்லை.

வூட் சைகாடு என்ற மரத்தைப் பாருங்கள். பாடநூலில் நாம் படிக்கும் சைகஸுக்கு இது உறவு. இதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. 1895இல் ஜான் மெட்லி வூட் என்பவர் நட்டால் பகுதிக் காடொன்றில் ஒரே கொத்தாக நின்ற ஆண் மரத்தைக் கண்டார். அதன்பின் எவ்வளவு தேடியும் பெண் மரம் அகப்படவில்லை. காட்டில் எஞ்சிய தண்டும் 1916இல் பிரிட்டோரியாவுக்குப் பெயர்த்துச் செல்லப்பட்டது. இன்று பல நாட்டுப் பூங்காக்களில் உள்ளவை யாவும் அந்த ஒரே மரத்தின் பக்கக் கன்றுகளிலிருந்து வந்தவை. ஆயிரம் கன்றுகள் வைத்தாலும் அவற்றிலிருந்து ஒரு விதை கிடைக்காது. கிர்ஸ்டன்போஷில் உள்ள மரம் திருடர்களுக்கு அஞ்சி இரும்புக் கூண்டுக்குள் நிற்கிறது! அச்சம் வீணன்று, 2014இல் வேறொரு அரிய சைகாடு இனத்தின் 24 செடிகள் இதே பூங்காவிலிருந்து களவு போயின. அரியவற்றை ஒரே இடத்தில் குவிப்பதிலுள்ள ஆபத்து இது. வூட் சைகாட்டை உயிருள்ள அருங்காட்சிப் பொருள் எனலாம். அதற்குமேல் சொல்ல மனம் வரவில்லை.

எரிக்கா வெர்ட்டிசில்லேட்டா என்ற குறுஞ்செடியின் கதை வேறு. கேப் டவுன் நகரையொட்டிய மணற்சமவெளியில் வளர்ந்த இச்செடி, நகரம் பெருகவே அங்கிருந்து மறைந்தது. 1984இல் பிரிட்டோரியாவின் பூங்கா ஒன்றில் ஒரு செடி தென்பட்டது. கிர்ஸ்டன்போஷிலும் இங்கிலாந்தின் கியூ பூங்காவிலும் வேறு சில கிடைத்தன. வெட்டுத்துண்டுகளை வேர்பிடிக்க வைத்துப் பெருக்கி, 1994இல் ரொண்டெவ்லெய் என்ற காப்பிடத்தில் நட்டார்கள். அங்கே தேன்சிட்டுகள் அதன் குழல் வடிவ மலர்களை நாடி வரும். காட்டுத்தீக்குப்பின் விதை முளைக்கும். இந்நிலத்துத் தாவரங்கள் பலவற்றின் விதைகளைப் புகை முளைக்கத் தூண்டுகிறது என்பதை 1990இல் தென் ஆப்பிரிக்க ஆய்வாளர்களே கண்டறிந்தனர். பூங்காவின் பாத்திகளில் தீ மூட்ட முடியுமா?

இதையும் முழு வெற்றி என்று கொள்ளலாகாது. திரும்பிய செடிகள் யாவும் ஒரு சில தாய்ச்செடிகளின் வழி வந்தவை. பழைய மரபுவளம் போனது போனதுதான். அவை பரவ வேண்டிய மணல்வெளியின் பெரும்பகுதியில் இப்போது வீடுகள் நிற்கின்றன. செடியைப் பெருக்கித் தரப் பூங்காவால் முடிகிறது. நிலத்தைத் தருவது நகராட்சியின் கையில் இருக்கிறது.