கொடியை இறக்கச் சொன்னவர்கள்

இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' 1977இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது. கீழவெண்மணிக் கொடுமைக்கு மிராசுதாரின் ஆண்மைக் குறைவில் காரணம் தேடிவிட்டார் என்பது அதன்மீது அன்று எழுந்த ஆட்சேபம். சரியான ஆட்சேபம்தான், ஆனால் போதாது. ஃபிராய்டைத் துணைக்கழைப்பது எழுத்தாளன் உரிமை. எனக்கு உறுத்துவது வேறு.

1968 டிசம்பர் 25 இரவு ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள். கூலியாகக் கூடுதல் நெல் கேட்டவர்கள் என்றுதான் நினைவில் வைத்திருக்கிறோம். நிலக்காரர்கள் அவர்களிடம் கேட்டதை மறந்துவிடுகிறோம்: செங்கொடியை இறக்கு, எங்கள் நெல் உற்பத்தியாளர் சங்கத்தில் சேர். நெல்லைக் கொடுத்தாலும் கொடுத்திருப்பார்கள். பண்ணையாள் சங்கத்தின் பேரால் நிமிர்ந்து பேசுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. இது பழங்கதையும் அல்ல. 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரத்துச் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலையை நிறுத்தியதில் பிரதான வழக்கு சங்கத்தை ஏற்பதைப் பற்றியதே. பதிவு கிடைக்க 2025 ஜனவரி ஆயிற்று.

'குருதிப்புனலில்' தலைவர் இருக்கிறார், தில்லியிலிருந்து வந்த அறிவுஜீவி இருக்கிறான், விவாதம் இருக்கிறது. சங்கம் மட்டும் அனுபவமாகவில்லை. கூட்டத்துக்குப் போகாதே என்று புருஷனை மறிக்கும் பெண்டாட்டியின் பயம், சந்தாவுக்குக் கொடுத்த காசின் கனம், இவை பாத்திரங்களின் பிரக்ஞைக்குள் இறங்கவில்லை.

டி. செல்வராஜின் 'தோல்' (2010) இதைச் செய்தது. திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளர் சங்கம் கட்டுவதே அங்கே கதை. சுண்ணாம்புக் குழியில் இறங்கியவன் எப்படி ஒரு கூட்டத்தின் உறுப்பினன் ஆகிறான் என்று காட்டியிருக்கிறார். அங்கங்கே பிரசங்கம் தலைகாட்டுகிறது, மன்னிக்கலாம்.

ஆனால் அந்த அச்சு எங்கள் காட்டுமன்னார்கோயிலுக்கு இன்று உதவுமா என்பது சந்தேகம். வீராணத்து நெல் பூமி இது. நடவும் களையும் வருஷத்தில் சில வாரங்கள்தான். பக்கத்துக் குருங்குடியில் 2020 செப்டம்பர் 4ஆம் தேதி ஒரு பட்டாசுத் தயாரிப்பிடம் வெடித்தது. ஒன்பது பெண்கள் மாண்டார்கள். அவர்களில் ஒருத்தி உரிமையாளர்.

கண்ணையா நாயுடுவை இங்கே எங்கே நிறுத்துவது? முதலாளியும் கூலிக்காரியும் ஒரே கூரையின்கீழ் செத்துப்போன இடத்தில் கோரிக்கை மனுவை யாரிடம் நீட்டுவது? சரக்கு வாங்குகிறவனிடமா, லைசென்ஸ் கொடுக்கிற ஆபீசிலா? எதிரியைப் பக்கத்து வீட்டில் வைத்தே எழுதிப் பழகிவிட்ட நம் நாவலாசிரியர்களுக்கு இது சங்கடமான விஷயம். எவராவது எழுதினால், அதைப் பற்றி இந்தப் பக்கங்களில் சண்டை போட நான் தயார்.