சுட்ட படமும் சுடாத படமும்

2002 பிப்ரவரி 2 அன்று, டோக்கியோவின் ஷிமோகிதசாவா பகுதியில் குறும்படங்களுக்கென்றே நடந்துவந்த ‘டோலிவுட்’ என்ற சின்னஞ்சிறு திரையரங்கில் 25 நிமிடப் படம் ஒன்று வெளியானது. பெயர் ‘ஹோஷி நோ கோஎ’. விண்மீனின் குரல் என்று பொருள். வீடியோ கேம் நிறுவன வேலையை விட்டுவிட்டு வந்த மகோடோ ஷின்காய், வீட்டில் ஒரு மேக் கணினியை வைத்துக்கொண்டு கதை, இயக்கம், ஓவியம், படத்தொகுப்பு என ஏறக்குறைய எல்லாவற்றையும் தானே செய்திருந்தார். இசை நண்பர் டென்மோனுடையது. முதல் பதிப்பில் நாயகனுக்குக் குரல் கொடுத்தவரும் ஷின்காய்தான்.

பள்ளிச் சீருடை கலையாத மிகாகோ, ராட்சத இயந்திரம் ஒன்றை ஓட்டிக்கொண்டு விண்வெளிப் போருக்குப் போகிறாள். பூமியில் இருக்கும் நோபோருவுக்குக் கைப்பேசியில் குறுஞ்செய்தி அனுப்புகிறாள். அவள் தொலைவு கூடக்கூடச் செய்தி வந்து சேரும் காலமும் கூடுகிறது. சீரியஸ் விண்மீன் பக்கம் போனபின் எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பழைய அனிமே பார்த்து வளர்ந்த யாருக்கும் இந்த இடத்தில் ‘கன்பஸ்டர்’ நினைவுக்கு வந்துவிடும். ஹிதேயாகி அன்னோ இயக்கி, 1988-89இல் ஆறு பகுதிகளாக வந்த அந்தத் தொடரிலும் பள்ளி மாணவி, ராட்சத ரோபோ, ஒளிவேகப் பயணத்தால் ஊரில் இருப்பவர்கள் மட்டும் மூப்படைவது எல்லாம் உண்டு. அப்படியானால் ஷின்காய் சுட்டாரா?

இந்தக் கேள்வி ஒவ்வொரு புதிய அனிமே குறும்படத்தோடும் சேர்ந்தே பிறக்கிறது. ஜப்பானிய ரசிகர்கள் கைவசம் இதற்குச் சொற்கள் வைத்திருக்கிறார்கள். திருட்டு என்றால் ‘பகுரி’, மரியாதையோடு எடுத்தாண்டால் ‘ஒமாஜு’, கிண்டலுக்கு எடுத்தால் ‘பரோதி’. ஒரே காட்சியை ஒருவர் பகுரி என்பார், பக்கத்தில் இருப்பவர் ஒமாஜு என்பார். இயக்குநரைப் பிடிக்குமா பிடிக்காதா என்பதை வைத்தே பெரும்பாலும் சொல் தேர்வாகிறது. நம்மிடம் இதற்கு ‘சுட்டது’ என்ற ஒற்றைச் சொல் போதும். நாவல் மரத்தடியில் ஔவையிடம் சிறுவன் கேட்ட கேள்விதான் இவர்களுடையதும். ஆனால் சுட்ட பழமோ சுடாத பழமோ, அந்தக் கதையில் பழம் ஒரே மரத்திலிருந்துதான் விழுந்தது.

கன்பஸ்டரின் மரத்தையும் உலுக்கிப் பார்ப்போம். அதன் ஜப்பானியப் பெயர் ‘டோப்பு ஓ நெராயே’. டென்னிஸ் ஆடும் பள்ளி மாணவியைப் பற்றிய ‘ஏஸ் ஓ நெராயே’ என்ற புகழ்பெற்ற மாங்காவையும், ‘டாப் கன்’ என்ற ஹாலிவுட் படத்தையும் ஒட்டவைத்த கேலிப் பெயர் அது. அதைத் தயாரித்த கைனாக்ஸ் நிறுவனத்தின் பூர்வீகமும் இதற்குக் குறைந்ததல்ல. 1981இலும் 1983இலும் ஒசாகாவில் நடந்த அறிவியல் புனைகதை மாநாடுகளுக்காகக் கல்லூரி மாணவர்கள் வரைந்த டைகான் தொடக்கப் படங்களிலிருந்து கிளைத்தது அந்நிறுவனம். இரண்டாவது படத்தில் முயல்காது உடை அணிந்த பெண் வாள்மீது ஏறிப் பறப்பாள். பின்னணியில் எலெக்ட்ரிக் லைட் ஆர்கெஸ்ட்ரா குழுவின் பாடல் ஒலிக்கும். அந்தச் சில நிமிடங்களுக்குள் உலகெங்கும் உள்ள நாயகர்களும் அரக்கர்களும் விண்கலங்களும் அனுமதி கேட்காமல் நுழைந்து வெளியேறுவார்கள். அதற்கு வரைந்தவர்களில் அன்னோவும் ஒருவர். இன்று அனிமே வரலாறு எழுதுபவர் யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது.

அனிமே பிறந்ததே குறும்படமாகத்தான். மிஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்றான ‘நமாகுரா கதானா’ 1917இல் வந்தது. மொட்டை வாளை வாங்கி ஏமாந்த சாமுராயின் சில நிமிடக் கூத்து அது. ஒசாமு தெசுகா வாரத் தொடர்களால் தொழிலையே மாற்றியமைத்த பிறகும் குறும்படத்தை விடவில்லை. துள்ளிக் குதிக்கும் ஒருவரின் கண் வழியாகவே முழுதும் நகரும் அவருடைய ‘ஜம்பிங்’ (1984) ஆறு நிமிடம்தான். குனியோ காட்டோவின் ‘சிறு கனசதுரங்களின் வீடு’ (2008) 12 நிமிடத்தில் ஆஸ்கர் வாங்கியது. இவை திரைவிழாக்களின் மரபைச் சேர்ந்தவை. இவற்றைப் பார்த்து யாரும் ‘எங்கிருந்து எடுத்தது?’ என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வி எழுவது பள்ளிச் சீருடையும் ரோபோவும் மந்திரக்கோலும் வரும் வெகுஜன மரபில்தான். அங்கேதான் ரசிகர்கள் காத்திருக்கிறார்கள்.

காத்திருப்புக்கும் களவுக் குற்றச்சாட்டுக்கும் உள்ள உறவைக் கவனித்தால் ஒன்று புலப்படும். 25 அத்தியாயத் தொடருக்குத் தன் உலகத்தை நிதானமாகக் கட்டிக்கொள்ள நேரம் இருக்கிறது. முதல் வாரம் தெரிந்த சாயல் பத்தாவது வாரத்தில் மங்கிவிடும். ஆறு நிமிடமோ இருபது நிமிடமோ ஓடும் படத்துக்கு அந்த வசதி இல்லை. மந்திரப் பள்ளி என்றால் என்ன, விண்வெளிப் போர் யாரோடு என்றெல்லாம் அது விளக்கிக்கொண்டிருக்க முடியாது. பார்ப்பவருக்கு முன்பே தெரிந்ததைக் கடன் வாங்கித்தான் ஆகவேண்டும். கடன், சுருக்கத்துக்குக் கொடுக்கும் விலை. முன்னோட்டம் காட்டுவதோ இந்தக் கடன் பகுதியைத்தான். சட்டென்று அடையாளம் தெரிகிற ஒன்றைத்தானே அரை நிமிடத்தில் விற்க முடியும்? படம் வரும் முன்பே சண்டை தொடங்கிவிடுவதற்கு இதுவே காரணம். ஆகவே, கடன் வாங்கியதால் மிச்சமான நேரத்தைப் படம் எங்கே செலவழித்திருக்கிறது என்று பார்ப்பதுதான் சரியான அளவுகோல் என்பேன்.

ஷின்காயின் படத்தில் எதிரிகள் யார், ஏன் போர் என்பதெல்லாம் ஓரிரு வரிகளோடு முடிந்துவிடுகிறது. நேரமெல்லாம் மழைமேகத்துக்கும் ரயில்வே கேட்டுக்கும் படிக்கட்டுக்கும் சின்னக் கைப்பேசித் திரைக்கும் போகிறது. கன்பஸ்டரில் காலத்தின் இடைவெளி வீரத் தியாகத்துக்கான மேடை. இங்கே அது, பதில் வராத கைப்பேசியைத் திறந்து திறந்து பார்க்கும் பதின்பருவத்து வலி. ஜப்பானியப் பள்ளி மாணவர்கள் கையில் கைப்பேசி மின்னஞ்சல் புதிதாகப் பழகியிருந்த ஆண்டுகள் அவை. ஷின்காயின் சொந்தச் சொத்து அதுதான். பின்னாளில் அவர் தன்னிடமிருந்தே எடுத்ததும் உண்டு. 2014இல் அஞ்சல்வழிக் கல்வி நிறுவனம் ஒன்றுக்காக எடுத்த ‘கிராஸ் ரோட்’ இரண்டு நிமிட விளம்பரம். தீவில் ஒரு பெண்ணும் டோக்கியோவில் ஒரு பையனும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறார்கள். 2016இல் ‘கிமி நோ நா வா’ வந்தபோது அதே சாயலும், மசயோஷி தனாகா வடித்த அதே வகை முகங்களும் திரும்ப வந்தன. அதைப் பகுரி என்று யார் சொல்வார்கள்?

‘லிட்டில் விட்ச் அகாடெமியா’வின் கதை வேறு. இளம் அனிமேட்டர்களுக்குப் பயிற்சி தர ஜப்பானிய அரசின் பண்பாட்டு முகமை பணம் கொடுத்து நடத்திய ‘அனிமே மிராய்’ திட்டத்தில் 2013இல் டிரிகர் நிறுவனம் செய்த படம் அது. மந்திரப் பள்ளி, துடைப்பம், ஒரு மக்கு மாணவி. ஹாரி பாட்டரின் பெயரைச் சொல்லாமல் யாரும் இதைப் பற்றிப் பேசியதில்லை. மிச்சமான நேரம் முழுவதையும் இயக்குநர் யோ யோஷினாரி அசைவுக்கே கொடுத்தார். ஓட்டம், தடுமாற்றம், முகம் கோணுவது எல்லாம் பழைய கார்ட்டூன்களின் துள்ளலோடு வந்தன. பயிற்சிக்கான படம் பயிற்சியையே தன் அழகாக்கிக்கொண்டது. தொடர்ச்சிக்காகக் கிக்ஸ்டார்ட்டரில் 1,50,000 டாலர் கேட்டார்கள். ரசிகர்கள் 6 லட்சம் டாலருக்கும் மேல் கொட்டினார்கள். 2015இல் இரண்டாம் படமும் 2017இல் 25 அத்தியாயத் தொடரும் வந்தன.

குறும்படம் தொடராக நீள்வதில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. 2013இல் அதே திட்டத்தில் வந்த ‘டெத் பில்லியர்ட்ஸ்’ 2015இல் ‘டெத் பரேட்’ தொடரானது. 2014இல் அன்னோவின் காரா நிறுவனமும் டுவாங்கோவும் சேர்ந்து வாரமொரு குறும்படம் வெளியிட்ட ‘அனிமேட்டர் எக்ஸ்போ’வில் முதலில் வந்த ‘டிராகன் பல்மருத்துவர்’ பிறகு தொலைக்காட்சிக்கு நீண்டது. விளைவாக, எந்தக் குறும்படம் வந்தாலும் ‘தொடர் எப்போது?’ என்பதே முதல் கேள்வியாகிவிட்டது. மரம் வேண்டும் என்கிற அவசரத்தில் விதையைச் சுவைக்க ஆளில்லை.

2016 அக்டோபரில் வந்த ‘ஷெல்டர்’ சண்டையை வேறு திசைக்குத் திருப்பியது. கதையும் இசையும் அமெரிக்க இசைக்கலைஞர் போர்ட்டர் ராபின்சனிடமிருந்து வந்தவை. பாடலில் பிரெஞ்சுக் கலைஞர் மடியோன் கூட்டு. வரைந்தது டோக்கியோவின் ஏ-1 பிக்சர்ஸ், இயக்கம் தோஷிஃபுமி அகாய். ரின் என்ற பெண் தனிமையில் நாட்களை எண்ணியபடி, கையிலிருக்கும் பலகையில் தீட்டுவதெல்லாம் உலகமாகிவிடும் ஒரு வெளிக்குள் வாழ்கிறாள். கற்பிதமான உலகம் என்பது பழைய சரக்கு. ரசிகர்கள் மோதிக்கொண்டதோ ‘இது அனிமேயா?’ என்பதில். கரு வெளிநாட்டுக்காரருடையது என்றால் பிள்ளை ஜப்பானியப் பிள்ளையா என்ற கேள்வி. 2003லேயே பிரான்சின் டாஃப்ட் பங்க் இரட்டையர் தங்கள் முழு இசைத்தொகுப்பையும் லெய்ஜி மட்சுமோட்டோவின் மேற்பார்வையில் தோஎய் நிறுவனத்தைக் கொண்டு படமாக்கியிருந்ததைப் பலர் மறந்திருந்தார்கள்.

முன்னோட்டமே இல்லாத காத்திருப்பும் உண்டு. மிதகாவில் 2001இல் திறந்த கிப்லி அருங்காட்சியகத்தின் சிறிய அரங்கில் காட்டப்படும் குறும்படங்கள் வட்டிலும் வருவதில்லை, இணையத்திலும் வருவதில்லை. டோட்டோரோவின் மெய் திரும்ப வரும் படமும், ஹயாவோ மியாசாகியின் கம்பளிப்புழு ‘போரோ’வும் (2018) வீட்டிலிருந்தபடி பார்க்கக் கிடைப்பதில்லை. அன்று எந்தப் படம் ஓடுகிறதோ அதுதான் வாய்த்தது. கோவில் வாசலில் அன்றைய பிரசாதம் என்ன என்று கேட்பதில்லை அல்லவா, அதுபோல. அளந்து பார்க்க முன்னோட்டம் கையில் இல்லாததால் அங்கே தராசும் தூக்கப்படுவதில்லை.

‘என்னுடையதைத் திருடினாய்’ என்ற சொல் எவ்வளவு கொடியதாக முடியும் என்பதையும் இந்தத் துறை கண்டிருக்கிறது. 2019 ஜூலை 18 அன்று கியோட்டோ அனிமேஷன் கட்டடத்தில் தீவைக்கப்பட்டு 36 பேர் இறந்தார்கள். தன் நாவலின் கருத்தை அந்த நிறுவனம் எடுத்துக்கொண்டது என்று கொலையாளி கற்பித்துக்கொண்டிருந்தான். ஈராண்டு கழித்து, 2021 ஜூலை 19 அன்று, தத்சுகி ஃபுஜிமோட்டோவின் 143 பக்க மாங்கா ‘லுக் பேக்’ வெளியானது. பள்ளிப் பத்திரிகைக்கு நான்கு கட்டச் சித்திரம் வரையும் ஃபுஜினோ, கியோமோட்டோ என்ற இரு சிறுமிகளின் கதை. நடுவில் அதேபோன்ற ஒரு கொடூரம் வருகிறது. கொலையாளியைக் காட்டிய விதம் மனநோயாளிகளைப் புண்படுத்துகிறது என்ற எதிர்ப்பால் அந்தப் பக்கங்கள் திருத்தப்பட்டன. முதல் கட்டத்திலும் கடைசிக் கட்டத்திலும் ஒளிந்திருக்கும் சொற்களைத் தலைப்போடு சேர்த்தால் ஓயாசிஸ் குழுவின் புகழ்பெற்ற பாட்டின் பெயர் கிடைக்கும் என்பதையும் வாசகர்கள் கண்டுபிடித்தார்கள். யாரும் அதைக் களவு என்று சொல்லவில்லை. அஞ்சலி என்றே எடுத்துக்கொண்டார்கள்.

2024 ஜூனில் கியோதகா ஒஷியாமா ‘லுக் பேக்’கை 58 நிமிடப் படமாக்கினார். அசல் கதையில்லை, ஊரறிந்த மாங்காவிலிருந்து எடுத்தது. எல்லோரும் முடிவு தெரிந்தே போனார்கள். ஒஷியாமா கணிசமான பகுதியைத் தானே வரைந்தார். வழக்கமாகத் துப்புரவாக்கிவிடும் பென்சில் கோடுகளின் சொரசொரப்பை அப்படியே திரையில் விட்டுவைத்தார். படம் தொடங்கும்போது ஃபுஜினோ மேசைமுன் உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கிறாள். நாம் பார்ப்பது அவள் முதுகை. தலையைச் சொறிகிறாள், காலை ஆட்டுகிறாள், அழித்துவிட்டு மறுபடி வரைகிறாள். தாளில் என்ன இருக்கிறது என்று எட்டிப்பார்க்க வழியில்லை. அரங்கம் முழுவதும் அந்த முதுகைப் பார்த்தபடி காத்திருக்கிறது.