பூர்வீகமும் புதினமும்

சம்பந்தம் பேச வருகின்றவர்கள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்ததும் கேட்கும் முதற்கேள்வி ஒன்று உண்டு: "உங்களுக்குப் பூர்வீகம் எது?" பிள்ளை என்ன படித்திருக்கிறான், எவ்வளவு சம்பாதிக்கிறான் என்பனவெல்லாம் அதற்குப் பின்னரே. சங்கரன்கோவிலில் வாழும் நாம் இக்கேள்விக்கு விடை கூறிப் பழகியவர்கள். கடையநல்லூர் என்போம், மேலப்பாளையம் என்போம், சற்றே வாய்ப்பிருந்தால் காயல்பட்டினம் என்று கூறி, அங்கிருந்து கடல் கடந்து அரபு நாடுவரை சென்று திரும்புவோம். கேட்டவர் முகம் மலரும். 'நாம் யார்' என்னும் ஆராய்ச்சி அத்துடன் இனிதே நிறைவெய்திவிடும்.

ஒருவர் தம்மை இன்னார் என்று உணர்வதை நூல்கள் எவ்விதம் ஆராய்கின்றன என எண்ணிப் பார்த்தபோது, நம் சமுதாயத்து நூல்களும் நெடுங்காலம் இந்தச் சம்பந்தக்காரரின் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தன என்பது புலனாயிற்று. 'எவ்வழி வந்தோம்?' என்று கேட்பது வேறு, 'யாராக வாழ்கிறோம்?' என்று கேட்பது வேறு. முன்னதை வரலாறும் ஆய்வும் விரும்பிக் கேட்டன. பின்னதைக் கேட்கும் துணிவு கதைகளுக்கே வந்தது. அதுவும் மிகத் தாமதமாகவே வந்தது.

முதலில் இலங்கையில் நடந்த ஒரு வழக்கைப் பார்ப்போம். 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிடும் கட்டுரையொன்றை வெளியிட்டார். முஸ்லிம்களுக்குச் சட்டசபையில் தனியாக ஓர் உறுப்பினர் வேண்டுமா என்ற பேச்சு எழுந்திருந்த காலம் அது, 1889இல் எம்.சி. அப்துல் றஹ்மான் அவ்விடத்துக்கு நியமிக்கப்பட்டார். இராமநாதனின் கூற்றை மறுத்து ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார். இரண்டும் கல்வியும் உழைப்பும் நிறைந்த எழுத்துகள். ஆயினும், தமிழில் தாலாட்டி அரபியில் ஓதிய ஒரு சோனக மூதாட்டி தம்மை யாரென்று எண்ணினார் என்பது அவ்வழக்கில் எழவே இல்லை. அது அவர்கள் வேலையுமன்று. ஓர் ஆசனத்துக்காக நடக்கும் வழக்கில் மூதாட்டியின் மனத்துக்கு ஏது இடம்?

அதே காலத்தில் அதே தீவில் கதையும் பிறந்தது. கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்திலெவ்வையின் 'அசன்பே சரித்திரம்' 1885இல் வெளிவந்தது. தமிழின் தொடக்ககாலப் புதினங்களுள் அது ஒன்று. எகிப்தில் உயர்குடியில் பிறந்து, பச்சிளம் பருவத்திலேயே கடத்தப்பட்டு, பம்பாயில் வளரும் ஒரு பிள்ளை தன் பிறப்பைக் கண்டடைவதே கதை. 'முஸ்லிம் நேசன்' நடத்தியவர், பள்ளிக்கூடங்கள் நிறுவப் பாடுபட்டவர், சமுதாயம் கண் திறக்க வேண்டும் என்று ஓயாது எழுதியவர் சித்திலெவ்வை. அத்தகையவர் கதை எழுதப் புகுந்தபோதும் நாயகனின் உண்மையான தன்மை எகிப்தில்தான் காத்திருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பம்பாயில் வளர்ந்தவன் யார் என்பதைவிடக் கெய்ரோவில் பிறந்தவன் யார் என்பதே கதையின் விடையாகிறது. குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. முதற்கதையே பூர்வீகத்தைத் தேடிப் போயிற்று என்பதைக் குறித்துக்கொள்கிறோம், அவ்வளவே.

அந்தப் பூர்வீகத்தை நாற்காலியில் உட்கார வைத்துக் காட்டியவர் தோப்பில் முஹம்மது மீரான். தேங்காய்ப்பட்டணத்தில் 1944இல் பிறந்து, மலையாள வழியில் பயின்று, திருநெல்வேலியில் வாழ்ந்து 2019இல் மறைந்தவர். அவருடைய 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' நூலுருப் பெறுமுன் 'முஸ்லிம் முரசு' இதழிலே தொடராக வந்தது என்பது நம் பத்திரிகை உலகுக்குப் பெருமை. அக்கதையின் வடக்குவீட்டு அகமதுக்கண்ணு முதலாளியைப் பலரும் அறிவர். எனினும் நம் பொருளுக்கு நெருக்கமானது, 1997இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்ற 'சாய்வு நாற்காலி'தான். மார்த்தாண்டவர்மாவின் காலத்தில் வீரம் காட்டிய மூதாதையின் புகழை உண்டே வாழும் முஸ்தபாக்கண்ணு, வீட்டிலுள்ள பொருள்களை ஒவ்வொன்றாக விற்று வயிறு வளர்க்கிறார். வெளியே குடும்பப் பெயர்; உள்ளே பட்டினி. பெண்களை அடக்குவதற்கென்று ஒரு பிரம்பும் அவ்வீட்டில் வழிவழியாக வருகிறது. அந்தப் பிரம்பைப் படிக்கும்போதுதான் 'பூர்வீகம்' என்ற சொல்லின் மறுபக்கம் நமக்கு முதன்முறையாக விளங்கியது. பரம்பரை என்பது புகழாக மட்டும் இறங்கி வருவதில்லை. பிரம்பாகவும் இறங்கி வருகிறது. அடிபட்டவர்களுக்கும் அதே பூர்வீகந்தானே! அவர்களைக் கேட்டால் வேறு சரித்திரம் சொல்லியிருப்பார்கள். வரலாற்று நூலாசிரியர் ஒருவர் பவுரீன் பிள்ளையைப் பற்றி எழுதியிருந்தால் வாளோடு நிறுத்தியிருப்பார். கதாசிரியர் அடுக்களை வரை சென்றார்.

அடுக்களைக்குள் இருந்தே பேசியவர்களும் உண்டு. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938இல் 'காதலா கடமையா' என்னும் புதினத்தைத் தம் பெயரிலேயே வெளியிட்டார், உ.வே. சாமிநாதையரே அதற்கு முன்னுரை வழங்கினார். பல பத்தாண்டுகள் கழித்து, துவரங்குறிச்சியில் வீட்டாரால் ராஜாத்தி என்றழைக்கப்பட்ட ஒரு பெண், எழுதுவது தாமென்று ஊருக்குத் தெரியாதிருக்கச் 'சல்மா' என்ற புனைபெயரைப் பூண்டுகொள்ள நேர்ந்தது. 1938இல் அச்சில் ஏறிய பெண்பெயர் நூற்றாண்டின் முடிவில் ஒளிந்துகொள்ள வேண்டியதாயிற்று என்றால், இடையில் நாம் எத்திசையில் நடந்தோம் என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்க்கட்டும். ஒளிவதற்காகச் சூடிய அப்பெயரே இன்று அவரை உலகறிந்த பெயராக நிற்கிறது.

சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004இல் வந்தது. ராபியா என்னும் சிறுமியின் கண்களை நடுவில் வைத்து, ஒரு தெருவின் பெண்கள் அனைவரையும் அது சுற்றி வருகிறது. யார் யாருக்கு என்ன முறை என்று கணக்கு வைக்கவே ஒரு தாள் வேண்டும் என ஆண் வாசகர்கள் அலுத்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறோம். நம் வீட்டுப் பெண்கள் ஒருவரும் அவ்வாறு கூறவில்லை. அக்கணக்கு அவர்களுக்கு மனப்பாடம். இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் மச்சி என்னும் முறைகளுக்கு நடுவே 'நான்' என்று சொல்லிக்கொள்ள எத்தனை அங்குல இடம் கிடைக்கிறது என்பதே இந்நாவலின் ஆராய்ச்சி. அந்நெருக்கத்தை வாசகரும் உணர வேண்டுமானால் பாத்திரங்கள் நெருக்கியடித்துத்தான் நிற்க வேண்டும். சில இடங்களில் நூலாசிரியர் கத்தரிக்கோலை இன்னும் தாராளமாக எடுத்திருக்கலாம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இதுவரை பேசியவர்கள் அனைவருக்கும் ஏதோவொரு பூர்வீகம் இருந்தது. அது அவர்களைத் தாங்கியது, அல்லது அழுத்தியது. அப்படி ஒன்று இல்லாதவர்களை நம் நூல்கள் என்ன செய்தன?

சங்கரன்கோவிலிலிருந்து புளியங்குடி, கடையநல்லூர் வழியாகத் தென்காசி சென்று, அங்கிருந்து பண்பொழிப் பக்கம் போனால் மீனாட்சிபுரம் வரும். 1981ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் அவ்வூரின் தலித் மக்கள் நூற்றுக்கணக்கில் இஸ்லாத்தைத் தழுவினர். ஊருக்கு ரஹ்மத் நகர் என்ற பெயரும் உண்டாயிற்று. நாடே அச்சிற்றூரை நோக்கித் திரும்பியது. தலைவர்கள் வந்தனர், பத்திரிகையாளர் வந்தனர், ஆய்வாளரும் வந்தனர். மும்தாஸ் அலி கான் 1983இல் ஒரு சமூகவியல் ஆய்வை வெளியிட்டார். அப்துல் மலிக் முஜாஹித் 1989இல் எழுதிய நூல், மதமாற்றத்தைத் தீண்டாமைக்கெதிரான எதிர்ப்பு முறையாகக் கண்டது. இவை பயனுள்ள நூல்கள். வெளிநாட்டுப் பணத்துக்காக மாறினர் என்ற கூச்சல் ஓங்கியிருந்தபோது, அம்மக்களின் மானத்தைப் பற்றிப் பேச இத்தகைய ஆய்வுகளே உதவின. ஆயின், 'ஏன் வந்தார்கள்?' என்பதோடு ஆராய்ச்சியின் பசி அடங்கிவிடுகிறது. வந்த பின் அவர்கள் யாரானார்கள்?

கே.ஏ. குணசேகரனின் தன்வரலாறான 'வடு' 2005இல் வெளிவந்தது. அவர் நம் மார்க்கத்தவர் அல்லர். இளையான்குடிப் பகுதியில் வளர்ந்த அந்தத் தலித் சிறுவன், மற்ற இடங்களில் பட்ட இழிவோடு ஒப்பிட்டு, அவ்வூர் முஸ்லிம்களிடம் தான் கண்ட சமத்துவத்தை நன்றியோடு நினைவுகூர்கிறான். அப்பக்கங்களைப் படிக்கையில் நம் நெஞ்சு நிமிர்ந்தது உண்மை. பலரிடம் எடுத்துக் காட்டவும் செய்தோம்.

நிமிர்ந்த நெஞ்சைத் தாழ்த்தியது வேறொரு நூல். அன்வர் பாலசிங்கத்தின் 'கருப்பாயி என்கிற நூர்ஜஹான்' 2011இல் வந்த சிறிய நாவல். மதம் மாறிய ஓர் ஊரின் பெண்களுக்கு, பரம்பரை முஸ்லிம்களிடமிருந்து மாப்பிள்ளை வராமையே அதன் கரு. இந்நூலைக் கண்டு நம்மவருள் சிலர் சினந்தனர். கலைநோக்கில் நமக்கும் மனக்குறை உண்டு: வழக்கை நிறுவும் வேகம் பாத்திரத்தின் அகத்தை முந்திக்கொண்டு ஓடுகிறது. நூர்ஜஹானின் துயரை அறிந்த அளவுக்கு நூர்ஜஹானை நாம் அறியவில்லை. இருந்தாலும், அதன் தலைப்பிலுள்ள 'என்கிற' என்னும் ஒரு சொல்லுக்கு ஈடான சொல் அந்த ஆய்வு நூல்களில் இல்லை. காவல் நிலையத்திலும் பத்திரப் பதிவிலும் புழங்கும் சொல் அது. இரு பெயர் உள்ளவர் மீது எப்போதும் ஓர் ஐயம் உண்டு. எது மெய்ப்பெயர் என்ற விசாரணை முடிவதில்லை. கலிமாச் சொல்லி முப்பது ஆண்டு கடந்தும் அவள் வெறும் நூர்ஜஹான் ஆகவில்லை. 'என்கிற' நூர்ஜஹானாகவே நிறுத்தப்படுகிறாள். சங்கரனும் நாராயணனும் ஓருருவில் நிற்பதாகப் பெயர் பெற்ற ஊரில் வாழ்கிறோம். இரு பெயர்கள் சேர்ந்து நிற்பது எவருக்கும் இங்கே புதுமையில்லை. ஒரு பெண்ணின் பெயரில் மட்டும் அது பொறுக்கவில்லை.

'வடு' பொய் சொல்லவில்லை; இந்நாவலும் பொய் சொல்லவில்லை. பந்தியில் அருகே அமர்த்திக்கொண்டோம், மணப்பந்தலில் அமர்த்திக்கொள்ளவில்லை என்று இரண்டையும் சேர்த்துப் படித்தால் விளங்குகிறது. ஒரே தட்டில் உண்டது உண்மையாக இருப்பதனாலேயே மற்றது கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று போலும். அரபிக்கு அரபியல்லாதவரைவிட உயர்வில்லை என்ற கருத்தை அண்ணலார் (ஸல்) தம் இறுதி ஹஜ்ஜுப் பேருரையில் உலகறியக் கூறினார்கள். அதை மேடைதோறும் எடுத்துரைக்கும் நாம் திண்ணையில் என்ன கேட்கிறோம்?

இதை எழுதும் தகுதி நமக்கு உண்டா என்ற ஐயமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நம் நெருங்கிய உறவில் ஒரு பிள்ளைக்குப் பெண் பார்த்தார்கள். தரகர் ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். பெண் ஆசிரியைப் பயிற்சி முடித்தவள், ஓதக் கற்றவள், தொழுகை தவறாதவள். பெரியவர் ஒருவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். தரகர் குரலைத் தாழ்த்தி, பெண்ணின் பாட்டனார் காலத்தில்தான் இஸ்லாத்துக்கு வந்த குடும்பம் என்றார். திண்ணையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு ஊர் எது என்று விசாரித்தார்கள். தென்காசிக்கு மேற்கே ஒரு கிராமம். "தூரம் அதிகமாயிருக்கிறதே" என்றார் பெரியவர். தரகர் புரிந்துகொண்டு எழுந்தார். அப்போது நாமும் அங்கே இருந்தோம். இலக்கியக் கூட்டங்களில் பேசுகிறவர் என்பதனால் நம் முகத்தை ஓரிருவர் பார்க்கவும் செய்தனர். நாம் வாய் திறக்கவில்லை.

அந்தப் பெரியவர் சொன்ன தூரத்தைத்தான், ஆனி ஆடியில் சாரல் விழத் தொடங்கியதும், பிள்ளை குட்டிகளோடு வாகனம் பிடித்து, குற்றாலத்தில் குளிப்பதற்கென்று ஆண்டுதோறும் ஒரே நாளில் போய்த் திரும்புகிறோம்.