சீட்டுக்குக் கட்டுப்படுதல்

பகடைக்கு ஞாபகம் கிடையாது. இரண்டு தடவை ஆறு விழுந்த பின்னும், மூன்றாம் தடவை ஆறு விழும் வாய்ப்பு முதல் தடவை இருந்ததேதான். சீட்டுக்கட்டு அப்படியல்ல. எடுத்த சீட்டைக் கட்டில் திரும்பச் சேர்க்கும் வரை அது மீண்டும் வராது. இது கணக்கு சம்பந்தப்பட்ட வித்தியாசம். இதைவிட முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. பகடை எண்ணைத் தருகிறது. குறிசொல்லும் சீட்டு படத்தைத் தருகிறது. எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். படத்தை யாராவது வாசித்தாக வேண்டும். வாசிப்பு என்று வந்துவிட்டால் விமர்சனப் பிரச்னையும் வந்துவிடுகிறது. ஒரு விளையாட்டைப் பற்றி இங்கே எழுத வேறு நியாயம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

நான் சொல்லும் விளையாட்டு, 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. அதைத் தொடர்ந்து வந்த அதே வகை ஆட்டங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பேச்சிலேயே ஒரு மாயக் கதையை நடத்திச் செல்கிறார்கள். ஒருவர் மட்டும் ஆட்டத்தை நடத்துபவர். அந்த உலகம், அதன் எதிரிகள், ஊர்க்காரர்கள் எல்லாம் அவர் வாய்வழியே வருகிறார்கள். வீசிய வாள் பட்டதா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும். இந்த ஏற்பாட்டுக்குள் குறிசொல்லும் சீட்டு எதற்காக நுழைகிறது என்பதே என் கேள்வி.

டாரட் சீட்டைப் பற்றி ஒரு பிரமை நிலவுகிறது: அது ஆதியிலிருந்தே மறைஞானப் பொருள், ஆட்டக்காரர்கள் அதை எடுத்து மலினப்படுத்திவிட்டார்கள் என்று. வரலாறு இதற்கு நேர் எதிரானது. பதினைந்தாம் நூற்றாண்டில் வட இத்தாலியப் பிரபுக்களின் அவைகளில் டாரட் ஒரு சீட்டாட்டமாகத்தான் பிறந்தது. 1781-ல் பிரான்சில் கூர் த ஜெபலின் அதை எகிப்திய ஞானநூலின் மிச்சம் என்று எழுதினார். எகிப்திய எழுத்துகளை யாரும் வாசிக்கத் தெரிந்துகொள்வதற்கு முன் எழுதப்பட்டது அது. குறிசொல்லும் டாரட்டின் பெருவழக்கு அந்த நூற்றாண்டில் ஆரம்பித்ததே. மைக்கேல் டம்மட் என்ற தத்துவவாதி 1980-ல் ஒரு பெரிய நூலே எழுதி இந்த விஷயத்தை நிலைநாட்டினார். ஆக, ஆட்ட மேசைக்கு வரும் டாரட் பிறந்த வீட்டுக்குத்தான் வருகிறது.

வந்தபின் அது என்ன செய்கிறது? 1983-ல் டிரேசி ஹிக்மனும் லாரா ஹிக்மனும் எழுதிய ‘ரேவன்லாஃப்ட்’ என்ற ஆட்டநூலில் மேடம் ஈவா என்ற கிழவி சீட்டுப் பார்க்கிறாள். சாதாரண ஆட்டச் சீட்டுகளே அதற்குப் போதும். ஸ்ட்ராட் என்ற ரத்தக்காட்டேரிப் பிரபுவை வெல்ல வேண்டிய பொருள்கள் எங்கே கிடக்கின்றன என்பது அந்தச் சீட்டுகளில் நிர்ணயமாகிறது. அந்தப் பிரபுவின் நோக்கம் என்ன என்பதும் சீட்டில்தான் நிர்ணயமாகிறது. அதாவது, எதிரியின் மனசே ஆட்டத்துக்கு ஆட்டம் மாறுகிறது. இதன் மறுபதிப்பாக 2016-ல் வந்த ‘கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்’ நூலில் டரோக்கா என்ற 54 சீட்டுக் கட்டு பயன்படுகிறது. ஐந்து சீட்டுகள் சிலுவை வடிவில் வைக்கப்படுகின்றன. மூன்று, பொருள்கள் இருக்கும் இடத்தைச் சொல்கின்றன; ஒன்று, துணைக்கு வருபவனை; கடைசி, பிரபுவைச் சந்திக்கப்போகும் இடத்தை.

இதில் கவனிக்க வேண்டியது, கிழவி எதையும் கண்டுபிடிப்பதில்லை என்பது. சீட்டு திருப்பப்படும் வரை வாளுக்கு இடமே கிடையாது. திருப்பிய பிறகு, அந்தக் கல்லறையிலோ கோபுரத்திலோ வாள் காலங்காலமாகக் கிடந்ததாக ஆகிவிடுகிறது. எதிர்காலத்தைச் சொல்லும் பாவனையில் சீட்டு கடந்தகாலத்தை எழுதுகிறது. நிஜ வாழ்வில் குறி பலிக்காமல் போகலாம். இங்கே பலிக்காமல் போக வழியில்லை, ஏனென்றால் குறியிலிருந்துதான் உலகம் எழுதப்படுகிறது. இது சோசியத்தைவிடச் சிருஷ்டிக்கு நெருக்கமான காரியம்.

ஆனால் இதில் ஒரு குறை உண்டு. எந்தச் சீட்டுக்கு எந்த இடம் என்று நூலில் முன்கூட்டியே எழுதியிருக்கிறது. எனவே வாசிப்பு, விடுகதைக்கு விடை காண்பதாகச் சுருங்கிவிடுகிறது. கிழவியும் ஐரோப்பாவில் ரோமா மக்களைப் பற்றி நெடுங்காலமாகப் புழங்கும் கட்டுக்கதையிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டவள். அவளுடைய கூட்டத்தைச் சித்திரித்த விதத்தைத் திருத்துவதாகப் பதிப்பகமே 2020-ல் அறிவிக்க வேண்டி வந்தது. படம் உயிரற்றதாக இருக்கும்போது படத்தை வாசிப்பவளும் தேய்ந்த அச்சாக இருப்பது தற்செயலல்ல.

எதிர்த்துருவம் 1995-ல் ஜானதன் ட்வீட் உருவாக்கிய ‘எவர்வே’. அதில் பகடையே இல்லை. 36 சீட்டுகள். ஒவ்வொன்றுக்கும் நேராக விழுந்தால் ஒரு பொருள், தலைகீழாக விழுந்தால் வேறு பொருள். பாத்திரம் பாலத்தைத் தாண்டியதா, அரசனை இணங்க வைத்ததா என்பதை நடத்துபவர் சீட்டின் படத்தை வாசித்துச் சொல்ல வேண்டும். இங்கே சீட்டு உண்மையாகவே படிமம். ஆனால் நடத்துபவர் சீட்டை நாடியே ஆக வேண்டும் என்றில்லை. பாத்திரத்தின் திறமையைப் பார்த்தும் முடிவு சொல்லலாம். கதையின் தேவையைப் பார்த்தும் சொல்லலாம். சீட்டை எடுத்தாலும், இளகிய படத்தை எந்தப் பக்கமும் வளைத்துக்கொள்ள முடிகிறது. ஒரு பக்கம் பூட்டுக்குச் சாவி போல ஒரே பொருள். மறுபக்கம் எல்லாப் பொருளும். நம் கவிதைகளில் படிமம் படும் பாடும் இதுவே.

நான் ஆடிய ஒரு மேசையில், நடத்தியவர் ஐந்து சீட்டுகளையும் முன்னமே தேர்ந்து கட்டின் மேல் அடுக்கிவைத்திருந்தார். மாதக்கணக்கில் ஓடிய ஆட்டம் முடிந்த பிறகு அவரே இதைச் சொன்னார். கதை நன்றாக அமைய வேண்டும் என்ற அக்கறை. அமையவும் செய்தது. கதை சொல்பவனுக்கு அந்த உரிமை உண்டு என்று மற்றவர்கள் ஒப்புக்கொண்டார்கள். நான் ஒப்பவில்லை. அந்த மேசையில் யாருக்குமே முழுசாகச் சொந்தமில்லாத ஒரு கதை உண்டாகியிருக்க முடியும். அவர் அதைத் தன் கதையாக்கிக்கொண்டார். தனக்குத் தெரியாததைத் தானே சொல்ல நேர்ந்திருக்கும் அந்த ஒரு கணம் அவருக்கும் கிடைக்கவில்லை, எங்களுக்கும் கிடைக்கவில்லை.

இலக்கியத்திலிருந்து இரண்டு உதாரணங்கள். எலியட் 1922-ல் வந்த தன் நெடுங்கவிதையில் டாரட்டைக் கையாண்டுவிட்டு, அந்தக் கட்டின் சரியான அமைப்பு தனக்குப் பரிச்சயமில்லை, வசதிக்கேற்ப விலகியிருக்கிறேன் என்று குறிப்பில் எழுதினார். வேண்டிய சீட்டை அவரே செய்துகொண்டார். கால்வினோவின் வழி வேறு. 1973-ல் வெளிவந்த ‘பின்னிய விதிகளின் கோட்டை’யில், பேச்சிழந்த பயணிகள் சீட்டுகளை வரிசையாக வைத்துத் தங்கள் கதையைச் சொல்கிறார்கள். ஒருவன் வைத்த சீட்டையே இன்னொருவன் வேறு திசையிலிருந்து தன் கதைக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்த நிர்ப்பந்தத்தோடு தான் பட்ட பாட்டைக் கால்வினோ நூலின் குறிப்பிலேயே சொல்கிறார். அவர் இஷ்டத்துக்குச் சீட்டை வாசித்தார்தான்; ஆனால் வைத்த சீட்டு வைத்த இடத்தில் இருந்தது. அடுத்த கதை அதற்குப் பணிந்தே போக வேண்டியிருந்தது. எலியட் பெரிய கவிஞர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சீட்டைப் பொறுத்தவரை நான் கால்வினோ பக்கம்.

படத்தின் பொருள் திறந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு பொருளைச் சொல்லிவிட்டவன் அதற்குப் பிணைப்பட வேண்டும். இந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் சீட்டு பகடையைவிடப் பெரிய கருவியாகிறது. இல்லையென்றால் பகடையே மேல், அது பொய் சொல்வதில்லை. இப்படி ஆட விரும்புகிறவர்களுக்கு இரண்டு விதிகள் போதும் என்று எனக்குப் படுகிறது: சீட்டை எல்லோரும் பார்க்கத் திருப்ப வேண்டும், சொன்ன பொருளைப் பிறகு மாற்றக்கூடாது. கவிதைக்கு இதைவிடக் கடுமையான விதி எனக்குத் தெரிந்து இல்லை.