குலமும் காவற்றெய்வமும்

குலங்காக்குந் தெய்வம் குலத்தின் வழக்கத்தோடு தானும் மாறுமோ, அன்றி வழக்கத்தைக் கடந்து நின்று குலத்தை நடத்துமோ என்பது சமயநெறி நிற்போர் ஆராய்தற்குரிய வினாவாகும். மேனாட்டார் பொழுதுபோக்கின் பொருட்டு இயற்றிய கதையாட்டம் ஒன்று இவ்வினாவை எழுப்பித் தன் போக்கில் விடையுங் கூறுதலின், அவ்விடையின் குணங் குற்றங்கள் ஈண்டு ஆராயப்படுகின்றன.

கதையாட்டமாவது, ஒருவர் கதையை நடத்த, ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை மேற்கொண்டு, அதன் சொல்லையுஞ் செயலையுந் தாமே கூறி வளர்ப்பது. அமெரிக்கரான கிரெக் ஸ்டாபர்டு என்பார் 1966-இல் குளொராந்தா என்னும் கற்பனையுலகைப் புனையத் தொடங்கினார். 1978-இல் வெளிவந்த ரூன்குவெஸ்ட் என்னும் ஆட்டம் அவ்வுலகையே களமாகக் கொண்டது. அங்கே ஓர்லந்து என்னும் புயற்கடவுளை வழிபடுங் குலங்கள் பல. குலந்தோறும் வைட்டர் எனப்படுங் காவலாவி ஒன்றுண்டு எனப் பின்வந்த நூல்கள் விரித்துரைக்கும். அது பொருளிலேனும் விலங்கிலேனும் இடத்திலேனும் உறையும். பூசகர் வாயிலாகக் குலத்தோடு உறவாடும். அப்பூசகர் பெரும்பாலுங் குலத்தலைவரே. குலத்தார் இடும் வழிபாட்டால் அஃது ஆற்றல் பெறும். குலஞ் சிதைந்தொழியின் தானும் ஒழியும்.

அவ்வுலகையே களமாகக் கொண்டு 1999-இல் 'கிங் ஆப் டிராகன் பாஸ்' என்னுங் கணிப்பொறி ஆட்டமும் வெளிவந்தது. அதனை ஆடுவோர் முதற்கண் தம் குலமுன்னோர் வரலாற்றைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். முன்னோர்க்குப் பகைவர் யாவர், அவர் அடிமைகளை வைத்திருந்தனரா இல்லையா என்பன போன்ற வினாக்களுக்கு விடை கூறிய பின்னரே ஆட்டந் தொடங்கும். பின்பு எழுவரடங்கிய அவை குலத்தை நடத்தும். அவ்வவை முன்னோர் வழக்கைக் கடப்பின் முன்னோர் வெகுள்வர்.

மரபென்பது வேண்டும்போது உடுத்து வேண்டாதபோது களையும் ஆடையன்று, அதனை மாற்றுவோர் அதற்குரிய துன்பத்தையும் ஏற்றல் வேண்டும் என்பதை இவ்வாட்டங்கள் நன்கு உணர்த்துகின்றன. தெய்வத்தைத் தனி மனிதன் விருப்பாக எண்ணாது, குலத்தின் நினைவும் நன்றியும் ஒருங்கு திரண்ட இடமாகக் கண்டதும் பாராட்டத்தக்கதே.

குற்றம் யாதெனின், அக்காவலாவி குலத்தின் நிழலாய் நிற்பதன்றி அதற்கு ஒளியாதல் இல்லை. முன்னோர் அடிமைகளை வைத்திருந்தனராயின், அவர்களை விடுவித்தலே முன்னோரைச் சினப்பிக்குஞ் செயலாம். வழக்கமே நீதியாயின், தீய வழக்கத்தைத் தீதென்று காட்டுவது யாது? கண்ணாடி முகத்திலுள்ள மறுவைக் காட்டுமேயன்றிக் கழுவமாட்டாது.

அற்றேல், விளையாட்டினை இத்துணை ஆராய்தல் வேண்டாவெனின், அற்றன்று. இதே மயக்கம் வீட்டுப் பூசையிலும் உண்டு. குலதெய்வத்துக்குக் கிடாய் வெட்டும் வழக்கத்தை நிறுத்திச் சர்க்கரைப் பொங்கலிடக் கருதுங் குடும்பத்தார், தெய்வம் வெகுளுமோ என்று நடுங்குதல் காணப்படுகின்றது. அவ்வச்சத்தை எள்ளுதல் தகாது. அதற்கு விடை கூறுதலே தக்கது.

அவ்விடையை அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியாருள் அருளியுள்ளார். பிறந்தும் இறந்தும் வினைசெய்தும் வருந்துந் தெய்வங்கள் பசுவருக்கத்தனவே. எத்தெய்வத்தை வழிபடினும் அத்தெய்வத்தின்கண் நின்று பயனருள்பவன் சிவபெருமானே என்பது அவர் கருத்து. குலத்தார் வழிபாட்டால் வளர்ந்து அவர் அழிவால் அழியும் வைட்டர், இவ்வளவைப்படி நோக்கின், பிறரைச் சார்ந்து நிற்கும் பசுவேயாம், பதியாதல் செல்லாது.

ஆகவே, குலதெய்வத்தை வெறுத்தொதுக்கலும் வேண்டா. அதன் பெயரால் நிகழும் வழக்கனைத்தையும் நிலையென்று பற்றலும் வேண்டா. பொங்கலை ஏற்பவன் அத்தெய்வத்தின் உண்ணின்ற பெருமானாதலின், கொலை நீங்கிய வழிபாடு அவனுக்கு உவப்பாவதன்றி வெகுளியாகாது. குலம் மாறும், அதன் காவலும் மாறும், இரண்டையும் நடத்தும் திருவருள் மாறாது.