ரிச்சி தெருவில் பழைய ராம்

புது லேப்டாப்பின் பளபளப்பைவிட, சென்னை ரிச்சி தெருவில் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் பழைய ராம் மேல் எனக்கு ஒரு தனிப் பிரியம். விரல் நீளத்தில் பச்சைப் பலகை, ஓரத்தில் பொன்முலாம் பூசிய 204 பற்கள்.

மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 'பிசி3எல்-12800எஸ்' என்றிருந்தால் டிடிஆர்3 வகை, 1.35 வோல்ட்டில் ஓடும், நொடிக்கு 12,800 மெகாபைட் வேகம், லேப்டாப்புக்கானது. அந்த 'எல்' முக்கியம். 1.5 வோல்ட்டில் மட்டும் ஓடும் ராமைப் போட்டால் 2013-க்குப் பிந்தைய பல லேப்டாப்புகள் கண்ணே திறக்காது.

கம்பெனி சொல்லும் உச்சவரம்பை அப்படியே நம்பவும் வேண்டாம். 2012 மேக்புக் புரோவின் 13 அங்குல சாதா மாடலுக்கு 8 ஜிபிதான் என்றது ஆப்பிள். 16 போட்டாலும் சமர்த்தாக ஓடும். 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் நின்றது. அதனாலேயே மெஷினைக் காயலான் கடைக்கு அனுப்புவானேன்? ராமைக் கூட்டி லினக்ஸ் போட்டால் இன்னும் சில வருஷம் உழைக்கும்.

மாட்டுவதுதான் சுகம். பற்களை ரப்பரால் லேசாகத் தேய்த்து, சாய்வாக நுழைத்துக் கீழே அழுத்தினால் இருபக்கக் கொக்கியும் 'டக்'கென்று பிடிக்கும். பற்களுக்கிடையே உள்ள வெட்டு டிடிஆர்4-ல் வேறிடத்தில் இருப்பதால் மாற்றிச் சொருகவே முடியாது. யார் யோசித்தார்களோ, கெட்டிக்காரர்கள்!

ஒன்று மட்டும்: லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோய், அங்கேயே மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.