மேஷ் தொடரில் எத்தனை கிறிஸ்துமஸ்?

கொரியப் போர் 1950 ஜூன் 25 அன்று தொடங்கியது. 1953 ஜூலை 27 அன்று போர்நிறுத்தம். மொத்தம் மூன்று வருஷமும் ஒரு மாதமும். அந்தப் போரில் நடப்பதாகச் சொல்லப்படும் அமெரிக்க நகைச்சுவைத் தொடரான ‘மேஷ்’ 1972 செப்டம்பரில் சிபிஎஸ் சேனலில் தொடங்கி 1983 பிப்ரவரியில் முடிந்தது. பதினோரு சீசன், 250-க்கும் மேற்பட்ட எபிசோடுகள். அதாவது போரைவிடத் தொடர் மூன்று மடங்குக்கும் மேல் நீளம்.

இது ஒன்றும் புதிய செய்தி இல்லை. இந்தத் தொடரைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் இதைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அது போதவில்லை. நேரம் முன்பின்னாகப் பதிவான சர்வர் லாக் ஒன்று கையில் கிடைத்தால், எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று ஒரு வரிசை போட்டுப் பார்ப்போம் இல்லையா? அதே வேலையை இதற்கும் செய்து பார்த்தேன். கிடைத்த விடை கொஞ்சம் சுவாரசியமானது. விடையைவிட, எது பொருந்தாமல் மிஞ்சியது என்பது இன்னும் முக்கியம். (தொடரைப் பார்க்காதவர்களுக்கு: கதையின் திருப்பங்கள் சில கீழே வெளிப்படும்.)

முதலில் அறிமுகம். ‘மேஷ்’ என்பது போர்முனைக்கு அருகில் இயங்கும் நடமாடும் ராணுவ அறுவை மருத்துவமனையின் சுருக்கப்பெயர். கதையில் வருவது 4077-வது பிரிவு. முகாம் இருப்பது சியோலுக்கு வடக்கே உய்ஜாங்பு ஊருக்குப் பக்கத்தில். ஹாக்கை என்ற டாக்டர் முதலிலிருந்து கடைசிவரை இருக்கிறார். மற்றவர்கள் மாறுகிறார்கள். மூன்றாம் சீசன் முடிவில் தலைமை அதிகாரி ஹென்றி பிளேக் ஊருக்குத் திரும்பும் வழியில் விமானம் வீழ்ந்து இறக்கிறார். நான்காம் சீசன் தொடங்கும்போது டிராப்பர் ஜான் போய்விட்டார், பி.ஜே. வருகிறார், அடுத்தே கர்னல் பாட்டர் வருகிறார். ஐந்தாம் சீசனோடு ஃபிராங்க் பர்ன்ஸ் காலி, ஆறில் வின்செஸ்டர். எட்டில் ரேடார் விடைபெறுகிறான்.

இந்த ஆள்மாற்ற வரிசைதான் நம்முடைய முதுகெலும்பு. இதை யாரும் குழப்ப முடியாது. ஒரு எபிசோடில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தாலே அது எதற்குப் பின், எதற்கு முன் என்று சொல்லிவிடலாம். தேதி பொய் சொல்லலாம், ஆட்கள் பொய் சொல்ல மாட்டார்கள்.

சரி, இனி தேதிகளுக்கு வருவோம். தொடரே நமக்கு வெளிப்படையாகக் கொடுக்கும் தேதிகள் இவை:

1. முதல் எபிசோடின் தொடக்க எழுத்து: கொரியா, 1950.

2. கர்னல் பாட்டர் பொறுப்பேற்கும் நாள்: 1952 செப்டம்பர் 19.

3. ஒன்பதாம் சீசனில் ஒரு வருஷத்தையே அரை மணி நேரத்தில் சொல்லும் எபிசோடு ஒன்று உண்டு. 1950 டிசம்பர் 31 இரவில் தொடங்கி 1951 டிசம்பர் 31 இரவில் முடிகிறது. அதில் பாட்டர், பி.ஜே., வின்செஸ்டர் எல்லோரும் இருக்கிறார்கள்.

இரண்டும் மூன்றும் நேருக்கு நேர் மோதுகின்றன. 1952-ல் வந்து சேர்ந்த மனுஷர் 1950 கடைசி இரவில் எப்படிப் புத்தாண்டு கொண்டாடினார்? ஏதாவது ஒன்றைக் கைவிட வேண்டும். எதை?

இங்கேதான் கிறிஸ்துமஸ் உதவுகிறது. போர்க்காலத்தில் வந்த கிறிஸ்துமஸ் மூன்றே மூன்று: 1950, 1951, 1952. கிறிஸ்துமஸை ஒட்டி நடக்கும் எபிசோடுகள் நான்கு. முதல் சீசனில் ஒன்று (ஹாக்கை சாண்டா வேஷத்தோடு ஹெலிகாப்டரிலிருந்து இறங்குவாரே, அது). ஏழாம் சீசனில் ஒன்று. ஒன்பதில் ஒன்று. பத்தாம் சீசனில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கதை ஒன்று.

பாட்டர் வந்தது 1952 செப்டம்பர் என்று வைத்துக்கொண்டால், அதற்குப் பிறகு போர் முடிய 311 நாள்தான் பாக்கி. அதற்குள் ஒரே ஒரு கிறிஸ்துமஸ். ஆனால் ஏழாம் சீசன் கிறிஸ்துமஸில் ரேடார் இருக்கிறான், ஒன்பதாம் சீசனில் இல்லை. ஆக, பாட்டர் இருக்கும்போதே குறைந்தது இரண்டு கிறிஸ்துமஸ் வந்தாக வேண்டும். 1952 அடிபட்டுப் போகிறது.

சரி, மூன்றாவது தேதியை நம்பி, 1950 டிசம்பர் 31-லேயே பாட்டர் இருந்தார் என்று கொள்வோமா? முதல் சீசன் கிறிஸ்துமஸில் ஹென்றியும் டிராப்பரும் இருக்கிறார்கள். அது 1950 டிசம்பர் 25-ஆக மட்டுமே இருக்க முடியும். அப்படியானால் அடுத்த ஆறே நாளில் ஹென்றி இறந்து, டிராப்பர் ஊர் போய், பி.ஜே. வந்து, பாட்டர் வந்து, ஃபிராங்க் போய், வின்செஸ்டரும் வந்தாக வேண்டும். ஐந்து சீசன் கதை ஆறு நாளில்! இதுவும் அடிபட்டுப் போகிறது.

மிஞ்சுவது ஒரே ஒரு அமைப்பு. முதல் சீசன் கிறிஸ்துமஸ் 1950. ஏழாம் சீசனுடையது 1951. ஒன்பதும் பத்தும் ஒரே 1952 கிறிஸ்துமஸின் முதல் நாளும் மறுநாளும். (கொஞ்சம் வக்கீல் வாதம்தான், ஆனால் இதை விட்டால் வேறு வழி இல்லை.) இதன்படி பாட்டர் வந்தது 1951-க்குள்.

இன்னும் நெருக்க முடியுமா? முடியும். இறுதி எபிசோடில், போரின் கடைசி வாரங்களில், பி.ஜே. தன் மகள் எரினின் இரண்டாவது பிறந்தநாளுக்கு ஊர் போய்ச் சேர முடியாமல் தவிக்கிறார். போர் முடிந்தது 1953 ஜூலை. ஆகவே எரின் பிறந்தது ஏறத்தாழ 1951 கோடை. பி.ஜே. கொரியா வரும்போதே கைக்குழந்தையை விட்டுவிட்டுத்தான் வருகிறார். எனவே அவர் வந்தது 1951 கோடைக்குப் பின், அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு முன். அவரை அடுத்தே பாட்டர் வருகிறார்.

இப்போது அந்தச் செப்டம்பர் 19-ஐ மறுபடி பாருங்கள். வருஷத்தில் மட்டும் ஒன்றைக் கழித்தால் போதும், கச்சிதமாக உட்காருகிறது. 1951 செப்டம்பர் 19. எங்கள் தொழிலில் தினமும் பார்க்கிற, ஒன்று கூடிப்போகும் பிழை!

ஆக, கதையின் தோராயமான காலம்: 1950 பிற்பகுதியிலிருந்து 1953 ஜூலை வரை; பாட்டர் 1951 செப்டம்பரில்; ரேடார் கிளம்பியது 1952-ல். ரேடார் கையில் ‘அவெஞ்சர்ஸ்’ காமிக்ஸ் இருப்பதையெல்லாம் (அது 1963-ல்தான் தொடங்கியது) நான் கணக்கில் எடுக்கவில்லை. அது கலை இலாகாவின் கவனக்குறைவு, கதையின் சாட்சி அல்ல.

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் எந்த வருஷத்துக்கு நகர்த்தினாலும் மசியாத ஒரு எபிசோடு இருக்கிறது: ஒன்பதாம் சீசனின் அந்த ஒரு வருஷக் கதை. அதை ஏன் நகர்த்த முடியாது தெரியுமா? பேஸ்பால். கிளிங்கரும் வின்செஸ்டரும் அந்த வருஷம் முழுக்க புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியை நம்பிப் பந்தயம் கட்டுகிறார்கள். 1951 அக்டோபர் 3 அன்று நியூயார்க் ஜயன்ட்ஸ் வீரர் பாபி தாம்சன் அடித்த ஹோம் ரன்னில் எல்லாம் போச்சு. அமெரிக்க விளையாட்டு வரலாற்றில் மறக்கவே முடியாத அடி அது. தொடரை எழுதியவர்களுக்குத் தேவைப்பட்டது பார்வையாளர் மனதில் பதிந்த ஒரு வருஷம். அவர்கள் அதை நியூயார்க் மைதானத்திலிருந்து எடுத்தார்கள்.

என் புகார் இதில்தான் இருக்கிறது. கொரியாவிலேயே அப்படிப்பட்ட தேதிகள் இல்லையா? அந்த எபிசோடு தொடங்கி நான்கே நாளில், 1951 ஜனவரி 4 அன்று, சியோல் இரண்டாம் முறையாக விழுந்தது. நகரமே உறைபனியில் தெற்கு நோக்கி நடந்தது. உய்ஜாங்பு சியோலுக்கும் வடக்கே இருக்கிற ஊர், எனவே அதற்கு முன்பே கைமாறிவிட்டது. மார்ச் மாதம்தான் சியோல் திரும்பக் கிடைத்தது. 1950 ஜூன் முதல் 1951 மார்ச் வரை அந்த நகரம் நான்கு முறை கைமாறியது. ஆனால் தொடரில் அந்தக் குளிர்காலத்தில் முகாம் இருந்த இடத்தில் இருக்கிறது. வசந்தத்தில் பாதிரியார் சோளம் விதைக்கிறார், விளைச்சலும் பார்க்கிறார். ஒரே இடத்தில் ஒரு போகம் சாகுபடி செய்கிற நடமாடும் மருத்துவமனை!

உண்மையில் நடமாடிய ஒரு மருத்துவப் பிரிவின் தேதிகள் நமக்குத் தெரியும். லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் தலைமையில் இந்தியா அனுப்பிய 60-வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் 1950 நவம்பரில் கொரியா போய்ச் சேர்ந்தது. டிசம்பரில் பியோங்யாங்கைவிட்டுப் படைகள் பின்வாங்கியபோது வண்டிகள் இல்லை. மருத்துவச் சாமான்களை விட்டுவிட்டு வர மனமில்லாமல், ஒரு பழைய ரயில் எஞ்சினைத் தேடிப்பிடித்து, தாங்களே ஓட்டித் தெற்கே வந்து சேர்ந்தார்கள். 1951 மார்ச்சில் முன்சானில் அமெரிக்க வான்குடைப் படையோடு சேர்ந்து ரங்கராஜும் அவர் ஆட்களும் குதித்தார்கள். அந்த முதல் குளிர்காலம் அப்படித்தான் இருந்தது. ஓட்டம், புகை, மறுபடி ஓட்டம்.

‘மேஷ்’ காட்டுவது 1951 கோடைக்குப் பிந்தைய போர். பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போக, முனை அசையாமல் நிற்க, காயம்பட்டவர்கள் மட்டும் வந்துகொண்டே இருக்கும் போர். அலுப்பு, சலிப்பு, எப்போது ஊருக்குப் போவோம் என்ற ஒரே கேள்வி. அந்த வகையில் தொடர் நேர்மையானதுதான். வியட்நாம் நடந்துகொண்டிருந்தபோது பார்க்கத் தொடங்கிய மக்களுக்கு அந்தச் சலிப்பு பழக்கப்பட்டதும்கூட. முதல் எபிசோடில் 1950 என்று எழுதிவிட்டு அந்த வருஷத்தைக் காட்டாமல் போனதுதான் குறை. அமெரிக்காவில் கொரியப் போரை ‘மறக்கப்பட்ட போர்’ என்பார்கள். பலருக்கு அதைப் பற்றித் தெரிந்ததெல்லாம் இந்தத் தொடர் சொன்னதுதான். அந்த நினைவில் ஹோம் ரன் இருக்கிறது, ஜனவரி 4 இல்லை.

தொடரை மறுபடி பார்க்கிறவர்கள் ஒன்று செய்யலாம். பாட்டர் வரும் தேதியில் வருஷத்தை 1951 என்று திருத்திக்கொள்ளுங்கள், கதை ஒழுங்காக ஓடும். ஒன்பதாம் சீசனின் அந்த எபிசோடு வரும்போது மட்டும் திருத்த வேண்டாம். புத்தாண்டு விருந்தில் அவர்கள் கோப்பை தூக்கும்போது தேதி 1950 டிசம்பர் 31 என்று ஞாபகம் வைத்துக்கொண்டு, அந்த இரவில் உய்ஜாங்பு சாலையில் யார் நடந்துகொண்டிருந்திருப்பார்கள் என்று யோசித்தபடி பாருங்கள்.